வாழ்த்து அட்டையின் உயிர் படமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘வாழ்த்து அட்டைக்கு உயிர் தருவது படமா, வாசகமா?’ என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, “அட்டையில் அச்சிட்ட வாசகத்தை மறைத்துவிட்டால் என்ன மிச்சம்? ஒரு பூவும் ஒரு பறவையும்தானே?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு முதல் கிறிஸ்துமஸ் அட்டையே பதில் சொல்லும்.

1843, லண்டன். ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரிக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுதி மாளவில்லை. அவர் யாரைத் தேடிப் போனார்? கவிஞரையா? இல்லை, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரை. நடுவில் ஒரு குடும்பம் கோப்பையை உயர்த்தி வாழ்த்துகிறது. இரண்டு ஓரங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கிறார்கள். கல்லச்சில் அடித்து, கையால் வண்ணம் தீட்டி, சுமார் 1,000 அட்டைகள். விலை ஒரு ஷில்லிங். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான்.

அப்புறம் ஒரு சர்ச்சை கிளம்பியது. படத்தில் ஒரு சின்னக் குழந்தைக்கும் மதுவைப் புகட்டுகிறார்கள் என்று மதுவிலக்குக்காரர்கள் கொதித்தார்கள். அவர்களைச் சுட்டது படம், நடுவர் அவர்களே! அதில் இருந்த வாசகமோ ‘மகிழ்ச்சியான கிறிஸ்துமஸ், இனிய புத்தாண்டு’ என்பதுதான். இன்றும் அதே வரிதான் அச்சாகிறது. 180 ஆண்டுகளாக மாறாத ஒரு வரிக்காகவா மக்கள் ஆண்டுதோறும் புது அட்டை தேடுகிறார்கள்?

“பூ வரைவது என்ன பெரிய வித்தையா?” என்றும் எதிரணியில் கேட்டார்கள். எனக்கு உண்மையிலேயே மனம் வலித்தது. கடையில் அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி வைத்திருப்பார்கள். பல நேரம் மேல்பாதிதான் கண்ணில் படும். அந்தக் கொஞ்ச இடத்திலேயே நம் கையை நீட்ட வைக்க வேண்டும். யார் வாங்குவார், யாருக்கு அனுப்புவார் என்று ஓவியருக்குத் தெரியாது. மகள் தாய்க்கு அனுப்பலாம், பேரன் தாத்தாவுக்கு அனுப்பலாம். எல்லோருக்கும் அது தங்கள் படமாகவே தோன்ற வேண்டும். அதனால்தான் எத்தனையோ அட்டைகளில் மனிதர்களுக்குப் பதில் இரண்டு கரடிக்குட்டிகள் கட்டிக்கொண்டு நிற்கின்றன. மனிதர்களே வந்தாலும் பல நேரம் முதுகைக் காட்டி, கைகோத்து நடக்கிறார்கள். முகத்தை வரைந்தால் அது யாரோ ஒருவர். முகத்தை விட்டுவைத்தால் அங்கே நானும் என் அம்மாவும் நடந்து போகலாம். வரையாமல் விடுவதையும் கற்ற கலைஞர்கள் இவர்கள். இன்னொன்று, அச்சுக்கு மாதக்கணக்கில் முன்பே படம் தயாராக வேண்டும். பனி விழும் காட்சியை வியர்வையைத் துடைத்துக்கொண்டு வரைந்தவர்கள் எத்தனை பேரோ!

இந்த உழைப்புக்குக் கிடைத்தது என்ன? கேட் கிரீனவே என்ற ஆங்கில ஓவியர் இளம் வயதில் வரைந்த ஒரு காதலர் தின அட்டை சில வாரங்களில் 25,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. அவர் கைக்கு வந்தது சுமார் 3 பவுண்டு. பின்னாளில் ‘பீட்டர் ராபிட்’ என்ற முயல் கதையால் புகழ்பெற்ற பியட்ரிக்ஸ் பாட்டர் 1890இல் தன் வளர்ப்பு முயலைப் பார்த்து வரைந்த படங்களை ஒரு பதிப்பகம் 6 பவுண்டுக்கு வாங்கி வாழ்த்து அட்டைகளாக்கியது. இவர்கள் பெயராவது நமக்குத் தெரியும். வீட்டில் ஓர் அட்டை இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அச்சிட்ட நிறுவனத்தின் பெயர் இருக்கும். வரைந்தவர் பெயர் பல அட்டைகளில் இருக்காது.

சரி, உள்ளே நம் கையால் எழுதும் இரண்டு வரி? அது விலைமதிப்பில்லாதது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அச்சிட்ட வாசகம் போதாது என்று நாம் எழுதுவது. எதிரணி அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது!

மணி அடிக்கப் போகிறது, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு சின்ன ஊருக்கு, குழந்தைகளுக்கான ஐ.நா. அமைப்பான யூனிசெஃபின் உதவி போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த 7 வயதுச் சிறுமி ஒருத்தி நன்றி சொல்ல நினைத்தாள். வரையத் தாள் இல்லை. ஒரு கண்ணாடித் துண்டில் வரைந்தாள்: வசந்த விழாவுக்காக நடும் கம்பத்தைச் சுற்றிக் குழந்தைகள் ஆடுகிறார்கள். 1949இல் யூனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையானது அந்தப் படம்தான். தூர தேசத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு அவளுடைய மொழி தெரிந்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அந்தச் சிறுமிக்கும், அட்டையின் பின்பக்கத்தில் பெயர் இல்லாத ஓவியர்களுக்கும் சேர்த்துத்தான் நான் தீர்ப்புக் கேட்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.