11-ம் எண் கூண்டு எதற்கு?

[காட்சி: பாம்பன் துறைமுகம், புயல் எச்சரிக்கைக் கம்பம்]

வணக்கம். பாம்பனில் 1-ம் எண் கூண்டு ஏற்றினார்கள், 3-ம் எண் ஏற்றினார்கள் என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். 8, 9, 10 என்றால் பெரும் ஆபத்து. சரி, அதற்கும் மேலே 11 எதற்கு? வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, கடும் புயல் வரும் என்று துறைமுக அதிகாரியே கருதினால் ஏற்றுவது அது. அதாவது, தகவல் வராததையே ஆபத்தாக எடுத்துக்கொள்வது.

வருவாய்த் துறையில் பல புயல்களைப் பார்த்து, அப்புறம் ஊராட்சித் தலைவராகவும் இருந்தேன். இந்த 11 அளவுக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

[காட்சி: தனுஷ்கோடி, இடிந்த தேவாலயம்]

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலை தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் வாரிக்கொண்டு போனது. பாம்பன் பாலம் உடைந்தது, தந்திக் கம்பிகள் அறுந்தன. அந்தக் கரையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சரிசெய்ததை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம், சொல்லவும் வேண்டும். என் மனம் மட்டும் அந்த முதல் சில மணி நேரத்திலேயே நிற்கிறது.

ஏனென்றால், நானே அப்படி ஒரு இரவைப் பார்த்தேன். கார்த்திகை மாதம், வாடைக்காற்று. தென்கடல் பக்கம் ஒரு மீனவக் குடியிருப்பில் யாரும் போனை எடுக்கவில்லை. 'அங்கிருந்து புகார் எதுவும் வரவில்லை' என்று மேலிடத்துக்கு எழுதினோம். விடிந்து போய்ப் பார்த்தால் பாதி ஓலை வீடுகளில் கூரை இல்லை. குழந்தைகள் நாட்டுப்படகுக்கு அடியில் படுத்திருந்தார்கள். அந்த வரியை எழுதிய கை என்னுடையது.

[காட்சி: ஊராட்சி அலுவலகம், சுவரில் கையால் எழுதிய பட்டியல்]

தலைவரானதும் வேறு மாதிரி செய்தேன். புயல் நேரத்தில் போன் செய்து நிலவரம் கேட்க குடியிருப்புக்கு ஒரு ஆள், அவர் எடுக்காவிட்டால் இன்னொருவர். இருவருமே எடுக்கவில்லையென்றால், ஒரு மணி நேரத்துக்குள் இங்கிருந்து பைக் கிளம்பிவிடும். வீணாகப் போய்த் திரும்பிய நாட்கள் நிறைய. பெட்ரோல் கணக்கு என்று கூட்டத்தில் சத்தம் போட்டார்கள், கேட்டுக்கொண்டேன்.

இன்னொன்று. படகு கரையேறாமல் எங்கள் ஆட்கள் முகாமுக்கு வரமாட்டார்கள். அதனால் எச்சரிக்கை வந்ததும் முதலில் டிராக்டரைத்தான் அனுப்புவேன். படகு மேட்டில் ஏறிவிட்டால், ஜனங்கள் தாமாகவே மூட்டையைக் கட்டத் தொடங்குவார்கள்.