கயிற்றின் மறுமுனை

நடுவர் அம்மா அவர்களே, எதிரணி நண்பர்களே, விழா தொடங்கியதிலிருந்து படம் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

உலகமயம் மனிதர்களை என்ன செய்தது என்பதை நமக்கு அதிகம் சொல்வது நம்மூர்ப் படமா, அயல்நாட்டுப் படமா? இதுதான் தலைப்பு. நம்மூர்ப் படமே என்று எதிரணித் தம்பி பேசினார். ‘காக்கா முட்டை’யை எடுத்துக்கொண்டார். சென்னைக் குடிசைப் பகுதியில் இரண்டு பையன்கள். காக்கா முட்டை எடுத்துக் குடிக்க அவர்கள் ஏறிய மரம் வெட்டப்படுகிறது, அந்த இடத்தில் பீட்சா கடை வருகிறது, தண்டவாளத்தோரம் கரி பொறுக்கிப் பீட்சாவுக்குக் காசு சேர்க்கிறார்கள். அவர் சொன்னது அத்தனையும் சரி. 2015இல் திரைக்கு வந்த அந்தப் படத்துக்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

என் கேள்வி அதற்கு அடுத்தது. கடை நம் தெருவுக்கு வந்தது தெரிகிறது. அதை அனுப்பலாம் என்று எந்த ஊரில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள்? அதே மாதிரி முடிவுகள் வேறு தெருக்களில் யாரை என்ன செய்தன? நம் தெருவில் நின்று எடுத்த படத்தில் இதற்கு இடம் கிடையாது, அது அந்தப் படத்தின் குறையும் இல்லை. உலகமயம் ஒரு நீளமான கயிறு. ஒரு முனை நம் கையில் இருக்கிறது. மறுமுனையில் யார் என்று பார்க்க, அங்கே போய் எடுத்த படம்தான் வேண்டும்.

இந்த விழாவில் ‘மக்கிலாபோலிஸ்’ பார்த்தோம். மெக்சிகோவின் வட எல்லையில் டிஹுவானா என்று ஒரு நகரம். வேலியைத் தாண்டினால் அமெரிக்கா. ஊர் முழுக்க ஏற்றுமதித் தொழிற்சாலைகள். உதிரி பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வரும், மெக்சிகோப் பெண்கள் லைனில் நின்று கோப்பார்கள், தொலைக்காட்சிப் பெட்டியாக எல்லை தாண்டிப் போகும். அந்தப் படத்தை எடுத்தவர்கள் ஒரு பெரிய காரியம் செய்தார்கள். கேமராவை அந்தத் தொழிலாளிப் பெண்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். தன் வீட்டை, தன் பிள்ளைகளை, தன் தெருவில் ஓடும் கழிவுநீரை அவர்களே படம் பிடித்தார்கள். கூலி மலிவாகக் கிடைக்கும் இந்தோனேசியாவுக்கு ஒரு தொழிற்சாலை கிளம்பியது. சட்டப்படி தர வேண்டிய செட்டில்மென்ட் பணத்தைத் தராமல் நழுவப் பார்த்தது. பெண்கள் விடவில்லை. சட்டம் கற்றார்கள், அலைந்தார்கள், பணத்தை வாங்கினார்கள்.

அந்தப் படம் வந்த ஆண்டு 2006. நடுவர் அம்மா, இந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 2006இல்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் இருந்தபோது நேரடி ஊழியர்கள் மட்டும் 8,000 பேர் அளவுக்கு இருந்தார்கள். பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகள் விடியுமுன்னே கம்பெனி பஸ்ஸுக்கு நின்றார்கள். பல வீடுகளில் மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் கொண்டுவந்த முதல் ஆள் அந்தப் பெண்தான். அந்தச் சந்தோஷம் உண்மையானது, அதை நான் ஒருபோதும் சிறுமைப்படுத்த மாட்டேன்.

2014 நவம்பர் 1ஆம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. வரி வழக்கு நடந்தது, நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேர முடியாமல் போனது, ஆர்டர் நின்றது. காரணங்களை வக்கீல்கள் பேசட்டும். நான் பேசுவது, இருபது வயதுகளில் விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போட்ட பிள்ளைகளைப் பற்றி. 2006இல் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், அந்த வருடமே டிஹுவானா பெண்களைத் திரையில் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆலை மூடுவதை அவளால் தடுத்திருக்க முடியாது. ஆனால் வேலை வந்த வழியிலேயே ஒருநாள் போகவும் கூடும், சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்து, பிஎஃப் கணக்கைப் பார்த்துக்கொள், சங்கத்தில் சேர், தனியாக நிற்காதே என்று ஒரு மெக்சிகோ அக்கா எட்டு வருடம் முன்பே அவளுக்குச் சொல்லியிருப்பார். இந்த உதவியை எந்த உள்ளூர்ப் படம் செய்திருக்க முடியும்? நமக்கு நடக்கும் முன்பு அது வேறெங்கோ நடந்திருந்தது. அதனால்தான் வேறெங்கோ எடுத்த படம் வேண்டும் என்கிறேன்.

அடுத்தது, எதிரணித் தங்கை சொன்னது. வெள்ளைக்காரன் முதலாளி, நாம் கூலி, இதைத் தெரிந்துகொள்ள ஒரு படம் வேறு பார்க்க வேண்டுமா என்று கேட்டார். கைதட்டல் வாங்கினார். அவருக்கு ‘அமெரிக்கன் ஃபேக்டரி’ என்ற ஆவணப்படம்தான் என் பதில். ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரத்தை ஒட்டி இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2008 டிசம்பரில் மூடப்பட்டது. சில வருடம் கழித்து அதே கட்டிடத்தில் ஃபுயாவோ என்ற சீனக் கண்ணாடி நிறுவனம் வந்தது. பழைய ஆலையில் மணிக்கு 29 டாலர் வாங்கிய பெண்மணி, புதிய ஆலையில் 12.84 டாலருக்கு நிற்கிறார். அமெரிக்கர் கூலி, சீனர் முதலாளி. அங்கே வேலைக்கு வந்த சீனத் தொழிலாளியும் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்து, அறையைப் பகிர்ந்துகொண்டு படுக்கிறார்.

இதைப் பார்த்தபிறகு மறைமலைநகரை நினைத்துப் பாருங்கள். 1990களில் ஃபோர்டு வந்தபோது நமக்குத் திருவிழா. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தபோது, ஆலை வாசலில் நின்ற தொழிலாளியின் முகமும் டேட்டன் தொழிலாளியின் முகமும் ஒன்றுதான். நிறம் வேறு, கவலை ஒன்று. வீட்டுக்கடன், பிள்ளையின் ஃபீஸ், நாற்பது வயதுக்குமேல் யார் வேலை தருவார் என்ற பயம். எதிரணித் தங்கை அந்த அமெரிக்கப் பெண்மணியைப் பகையாளி பக்கம் நிறுத்துகிறார். நான் அவரை நம் பக்கத்தில் உட்காரவைக்கிறேன். அந்த இடமாற்றத்தைச் செய்தது அந்தப் படம்.

பரிதாபப்படத்தான் இந்தப் படங்கள் என்று ஒருவர் சொன்னார். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100 பேருக்குமேல் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கியையும் கடைகளையும் மூடினார்கள். தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே வரச் சொன்னார்கள். டாக்காவுக்கும் திருப்பூருக்கும் ஒரே மாதிரி வெளிநாட்டு ஆர்டருக்குத்தான் போட்டி. அங்கே ஒரு சட்டையின் விலை குறைந்தால் இங்கேயும் குறைக்கச் சொல்வார்கள். திருப்பூர்க்காரர் அந்த இடிபாட்டைத் திரையில் பார்த்தால் அவருக்கு வருவது வெறும் பரிதாபமா? தன் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்.

பால் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. ‘லைஃப் அண்ட் டெட்’ (Life and Debt), அதாவது ‘வாழ்வும் கடனும்’, 2001இல் வந்த படம். ஜமைக்கா நாடு பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடன் வாங்குகிறது, கடனோடு நிபந்தனைகளும் வருகின்றன, இறக்குமதிக்குக் கதவு திறக்கிறது. அமெரிக்க அரசின் மானியத்தில் மலிவான பால் பவுடர் அங்கிருந்து வந்து இறங்குகிறது. உள்ளூர் விவசாயிகள் கறந்த பாலைத் தரையில் கொட்டுகிறார்கள். மாடு வளர்த்த எவராலும் அந்தக் காட்சியை உட்கார்ந்து பார்க்க முடியாது.

2019 நவம்பரில் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தில் சேர மாட்டோம் என்று இந்தியா விலகியது. காரணங்கள் பல. நியூசிலாந்துப் பால் பவுடர் வந்தால் நம் கதி என்ன என்று பால் கூட்டுறவுகள் எழுப்பிய எதிர்ப்பும் அவற்றில் ஒன்று. காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் செங்கல்பட்டு மாவட்டத்துப் பெண்ணுக்கு ஆர்செப் என்றால் என்னவென்று எந்தப் பேராசிரியர் விளக்குவார்? ஜமைக்கா விவசாயியின் கேனிலிருந்து பால் தரையில் ஓடும் அந்த ஒரு நிமிடத்தைக் காட்டுங்கள், போதும். ஒப்பந்தம் பற்றி அடுத்த கேள்வியை அவரே கேட்பார்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம் கொடுங்கள் நடுவர் அம்மா. எதிரணி சொன்னதில் ஒன்றை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். அயல்நாட்டுப் படத்துக்கு அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை யார் படிப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தக் குளிர்பதன அரங்கில் நாம் ஸ்பானிஷ் கேட்டு, ஆங்கிலம் படித்து, தமிழில் விவாதிக்கிறோம். படத்தில் இருக்கும் பெண்ணைப்போலவே வேலை செய்கிறவர்கள் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலும் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் இந்நேரம் ஷிஃப்டில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இந்த விழாவுக்கு அழைப்பு போகவில்லை. ஆனால் இது மொழிபெயர்ப்பு வேலை பாக்கியிருப்பதைத்தான் காட்டுகிறது. அந்தப் படம் வேண்டாம் என்பதற்கு இது காரணமாகாது.

ஆகவே விழாக் குழுவுக்கு என் அணியின் கோரிக்கை இது. உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி கேளுங்கள். மக்கிலாபோலிஸுக்குத் தமிழ் வசனம் எழுத எங்கள் துறை மாணவர்கள் தயார். ஷிஃப்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துத் திரையிடுவோம். ‘காக்கா முட்டை’யையும் சேர்த்தே போடுவோம், எதிரணியும் வரட்டும். எந்தப் படம் முடிந்ததும் அந்தப் பெண்கள் எழுந்து பேசுகிறார்கள் என்று நீங்களே நேரில் பார்த்துவிட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள், நடுவர் அம்மா. நன்றி, வணக்கம்.