பெரியம்மாவின் தேத்தண்ணியும் குளத்துத் துருசும்

(காட்சி: குசினி. ஒரு கண்ணாடிக் கிளாஸ், சீனிப் போத்தல், சின்னத் தராசு.)

இது கிளிநொச்சியில் என் பெரியம்மாவின் குசினி. விடிய எழும்பியதும் ஒரு தேத்தண்ணி, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களோடு ஒன்று, இரவு ஒன்று. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி. ஒருநாள் அவரிடம் கேட்டுவிட்டு, அந்தப் பதினைந்து கரண்டியையும் ஒரே கிளாஸில் போட்டுத் தராசில் வைத்தேன். 60 கிராம்.

பெரியம்மா கிளாஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இவ்வளவையும் நானோ குடிக்கிறன்?"

2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குச் சேர்க்கப்படும் சீனி ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்கவேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆனால் இந்த வீடியோ சீனியைத் திட்டுவதற்காக எடுத்ததில்லை. ஒரு கலியாண வீட்டில் யாரோ பெரியம்மாவைப் பார்த்து, அவர் காதில் விழவே, "திண்டு திண்டு ஊதிப்போனா" என்றார்கள். அந்தப் பேச்சு எவ்வளவு பிழையானது என்று காட்டத்தான் எடுத்தேன்.

(காட்சி: இரணைமடுக் குளம். கமரா மெல்லத் துருசுப் பக்கம் போகிறது.)

வன்னியில் குளத்தைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மாரியில் நிரம்பும், துருசைத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். உடம்பின் கொழுப்பையும் அப்படி ஒரு குளமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துருசில் கை வைத்திருக்கும் ஆள் இன்சுலின்.

சாப்பிட்டதும் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும். கணையம் இன்சுலின் என்ற ஹோர்மோனைச் சுரக்கும். தசைக்கும் ஈரலுக்கும் "எடுத்துக்கொள்" என்று சொல்வது அதுதான். மிஞ்சுவதைக் கொழுப்பாகச் சேர்க்கச் சொல்வதும் அதுதான். அதே நேரம் கொழுப்பு வெளியே போகும் வழியையும் அது அடைத்து வைக்கும். சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இடையிலும், இரவு நித்திரையிலும் இன்சுலின் இறங்கும்போதுதான் துருசு நன்றாகத் திறக்கும். இரண்டு மணிக்கொருதரம் சீனித் தேத்தண்ணி, பிஸ்கட், பணிஸ் என்று போனால் அந்த நேரம் சுருங்கிவிடுகிறது.

இதைக் கேட்டுவிட்டு இன்சுலினை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம். இணையத்தில் அப்படிச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. குளத்தின் மட்டத்தைக் கடைசியில் தீர்மானிப்பது, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதுதான். சரி, அப்படியென்றால் தேவைக்கு மேல் ஏன் வருகிறது? பசியை யார் நடத்துகிறார்கள்?

இங்கேதான் மற்ற ஹோர்மோன்கள் வருகின்றன.

ஒன்று கிரெலின். வெறும் வயிற்றில் சுரந்து "சாப்பிடு" என்று மூளைக்குச் சொல்வது. 1999இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னாலேயே அது ஏறிவிடும். பத்து மணித் தேத்தண்ணிக்குப் பழகிய உடம்பு பத்து மணிக்குக் கேட்பதில் அதுவும் ஒரு பங்கு.

இன்னொன்று லெப்டின். நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் 1994இல் கண்டது. இதைச் சுரப்பது கொழுப்பே. சும்மா கிடக்கும் மூட்டை என்று நாம் நினைத்த கொழுப்பு, "இங்கே போதிய இருப்பு உண்டு" என்று மூளைக்கு ஓயாமல் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. பருமனானவர்களின் இரத்தத்தில் லெப்டின் குறைவாக இருக்கும் என்றுதான் முதலில் எதிர்பார்த்தார்கள். பெரும்பாலோரிடம் கூடுதலாகவே இருந்தது. தகவல் போகிறது, மூளைக்குச் சரியாக உறைப்பதில்லை. இதைத்தான் லெப்டின் எதிர்ப்பு என்கிறோம்.

எடை குறைக்கப் பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? லெப்டின் விழும், கிரெலின் ஏறும், பசி கூடும், உடம்பு எரிக்கும் சக்தியும் குறையும். பத்துக் கிலோ குறைத்தவர் மறுபடி ஏறுவதைப் பார்த்து "மனக்கட்டுப்பாடு இல்லை" என்று சொல்கிறவர்களுக்கு இது தெரியாது. குளம் வற்றுகிறது என்று உடம்பு பதறுகிறது.

(காட்சி: பழைய, ஒடுக்கிய உடுப்பு ஒன்று. குரல் மட்டும்.)

பதறும் நியாயம் நம் உடம்புகளுக்கு உண்டு. 2009இல் முள்ளிவாய்க்காலில் ஆள்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது அரிசிக் கஞ்சி. பெரியம்மா அங்கிருந்து செட்டிகுளம் முகாமுக்கு எலும்பும் தோலுமாகப் போனவர். இந்த உடுப்பு அப்போது அவர் தன் அளவுக்கு ஒடுக்கித் தைத்துப் போட்டது.

1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்சல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஓர் ஆய்வு செய்தார். எடையில் கால்வாசி போனது. திரும்பச் சாப்பாடு கொடுத்தபோது அவர்களுக்குப் பசி அடங்கவில்லை. முன்பிருந்ததைவிடக் கூடக் கொழுப்பு சேர்ந்தது. அதே காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். தாயின் வயிற்றில் முதல் மாதங்களில் அந்தப் பட்டினியைக் கண்ட ஆண் பிள்ளைகளிடையே, 19 வயதில் பருமன் கூடுதலாக இருந்தது. பெரியம்மாவின் உடம்பு பெருத்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. பட்டினியை உடம்பு இலேசில் மறப்பதில்லை. அதைக் கண்ட ஊரில் நின்றுகொண்டு "திண்டு ஊதினா" என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

(காட்சி: காலைநேரம். பாட்டுப் போட்டபடி பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் வருகிறது.)

அப்புறம், சாப்பாடும் மாறிவிட்டது. அரை றாத்தல் பாணும் பருப்பும் காலைச் சாப்பாடு; பின்னேரம் ரோல்ஸும் சோடாவும். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஜி.எல்.பி-1, பி.வை.வை என்ற ஹோர்மோன்கள் குடலிலிருந்து வருகின்றன. எடை குறைக்க என்று இன்று உலகமே பேசும் செமாகுளுட்டைட் ஊசி இந்த ஜி.எல்.பி-1 போலவே வேலை செய்யச் செய்யப்பட்ட மருந்துதான். நார்ச்சத்தும் புரதமும் உள்ள சாப்பாடு மெல்லச் செரித்து இவற்றைக் கூட்டுகிறது. சோடா விறுவிறென்று உள்ளே போய்விடும். அதில் உள்ள கலோரியைப் பசி கணக்கில் எடுப்பதே குறைவு.

2019இல் அமெரிக்காவில் கெவின் ஹோல் என்ற ஆய்வாளர் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்துப் பார்த்தார். இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய சாப்பாடு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற சாப்பாடு. இரண்டிலும் முன்னால் வைத்த கலோரி, சீனி, கொழுப்பு, நார் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. விரும்பிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்தியதைச் சாப்பிட்டபோது நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. அந்த இரண்டு வாரத்தில் சராசரியாக ஒரு கிலோவுக்குக் கிட்ட ஏறினார்கள்.

நித்திரைக்கும் இதில் பங்குண்டு. இரண்டு இரவு நான்கு மணித்தியாலம் மட்டும் படுத்த இளைஞர்களுக்கு லெப்டின் 18 வீதம் குறைந்து, கிரெலின் 28 வீதம் ஏறியதை 2004இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. தீராத மன அழுத்தத்தில் உயர்ந்து நிற்கும் கோர்ட்டிசோல் கொழுப்பை வயிற்றுப் பக்கம் சேர்க்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் குறைவதும் அப்படியே. தைராய்டுச் சுரப்பு குறைந்தால் கொஞ்சம் எடை ஏறும். களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் கூடவே இருந்தால் இரத்தம் சோதித்துப் பாருங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாத இளம்பெண்கள் பி.சி.ஓ.எஸ் என்ற ஹோர்மோன் கோளாறு பற்றி வைத்தியரிடம் கேட்கவேண்டும்.

(காட்சி: முறிகண்டி. கச்சான் கடைகள்.)

நம்மிடம் இல்லாத ஒன்றையும் நான் வாங்கச் சொல்லவில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாங்கும் கச்சானில் புரதமும் நாரும் உண்டு; கலோரியும் உண்டு, ஆகவே ஒரு கைப்பிடி. அவித்த கௌபி, தவிட்டோடு சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, குளத்து விரால். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தால், வேலை செய்யும் தசை அதிக இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். கையால் வெட்டிச் சூடு மிதித்த வயலில் இன்று வெட்டும் மெசின் ஓடுகிறது. அந்த உழைப்பு நம் நாளிலிருந்து போய்விட்டது.

(காட்சி: தையல் நாடா.)

தராசைவிட இதை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் சுற்றி அளக்கவேண்டும். தெற்காசியருக்குப் பெண்களில் 80 சென்டிமீற்றர், ஆண்களில் 90 சென்டிமீற்றர் தாண்டினால் சீனி வருத்தத்துக்கும் இதய நோய்க்கும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பெரியம்மா மூன்று கரண்டியை ஒரேயடியாக விடவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறைத்தார். இப்போது ஒன்று. பத்து மணித் தேத்தண்ணி நேரம் வாசலில் காயப்போட்ட கௌபியைப் புடைத்துக்கொண்டிருக்கிறார். நாடா அவருடைய தையல் பெட்டியில். மாதம் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, "சரியாப் பிடி, இழுக்காதே" என்று அளக்கச் சொல்வார்.