இரண்டாவது நாற்காலி

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

பேட்டி நிகழ்ச்சிகளில், நடத்துகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பாரே, அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஒத்து ஊதுகிறவன். ஜால்ரா. பின்பாட்டுப் பாடுகிறவன். ஆமாஞ்சாமி. எல்லாமே வசவு. ஆனால் ஒத்தும் ஜால்ராவும் பின்பாட்டும், மேடையில் மனிதர்கள் வியர்வை சிந்திச் செய்த வேலைகள். அவற்றை எப்படி நாம் திட்டுவதற்கு எடுத்துக்கொண்டோம் என்று எனக்கு நெடுநாளாக வருத்தம்.

கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரக் கோஷ்டியோடு ஒத்துக்காரர் வருவதை மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அவர் ராகம் வாசிக்க மாட்டார். ஒரே சுருதிதான். கன்னத்தில் தேக்கிய காற்றை வாயால் விட்டுக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். நாதம் அறுபடக் கூடாது. நாதஸ்வரக்காரர் எங்கெங்கோ பறந்துவிட்டுத் திரும்பி வந்து நிற்பது அந்தச் சுருதியில்தான். இப்போது பல இடங்களில் அவருக்குப் பதிலாகச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது.

வில்லுப்பாட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்பார். சில இடங்களில் ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்பார். அந்தக் கேள்வியில் புலவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. கடைசி வரிசையில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு விட்ட கதை மறுபடி கைக்கு வருகிறது.

இதே வேலையை அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் மெக்மேன் செய்தார். ஜானி கார்சன் ‘தி டுநைட் ஷோ’ என்ற இரவுப் பேட்டி நிகழ்ச்சியை 1962 அக்டோபரிலிருந்து 1992 மே வரை நடத்தினார். அந்த முப்பது ஆண்டும் அவருடன் இருந்தவர் மெக்மேன். விருந்தினர் ஒவ்வொருவராக வர வர, சோபாவில் இடம் விட்டு விட்டு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போவார். கார்சன் பெரிய தலைப்பாகை கட்டிக்கொண்டு, ஒட்டிய உறைக்குள் என்ன கேள்வி இருக்கிறது என்று பார்க்காமலே பதில் சொல்லும் ஞானியாக வேடம் போடுவார். உறையை நெற்றியில் வைத்துப் பதிலைச் சொல்வார். மெக்மேன் அதே பதிலைத் தன் கனத்த குரலில் திருப்பிச் சொல்வார். கார்சன் அவரை முறைப்பார். அப்புறம்தான் உறை கிழியும், கேள்வி வரும், கூட்டம் சிரிக்கும். பதில் இரண்டாம் முறை காதில் விழுந்து மனதில் உட்கார்ந்தால்தான் கேள்வி வரும்போது சிரிப்பு வரும். நம் பின்பாட்டுக்காரர் வரியைத் திருப்பிப் பாடுவதும் இதற்காகத்தானே!

அதே அமெரிக்காவில் இரவு நிகழ்ச்சி நடத்திய கோனன் ஓ’பிரையனுக்கு ஆண்டி ரிக்டர் இருந்தார். 1993இல் கூடவே தொடங்கியவர் 2000இல் விலகினார். 2009இல் கோனனுக்கு ‘டுநைட் ஷோ’ கிடைத்தபோது ரிக்டரும் திரும்பி வந்தார்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். நான் பல ஆண்டுகள் இதே கோலாலம்பூரில் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். எங்கள் நிகழ்ச்சி ஒன்றில் இரண்டாவது நாற்காலியில் ஓர் அண்ணன் இருந்தார். ஒருநாள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்த, ஒரு பாட்டியம்மாவை அழைத்திருந்தோம். நடத்துபவர் நல்ல தமிழில் கேட்டார்: “தோட்ட வாழ்க்கை உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது?” பாட்டி சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். “என்னத்த சொல்றது...” என்றார். அவ்வளவுதான். வானொலியில் மௌனம் எப்படிக் கனக்கும் என்று அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்து வினாடி, ஆறு வினாடி. என் கை பாட்டு போடும் பொத்தானுக்குப் போய்விட்டது.

அண்ணன் மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினார். “பெரட்டுக்கு எத்தனை மணிக்கும்மா போகணும்?” வேலைக்கு முன்னால் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுப்பதைத்தான் பெரட்டு என்பார்கள்.

“அஞ்சரைக்கெல்லாம் நிக்கணும்யா.”

“மழை பேஞ்சா?”

“மழை பேஞ்சா ஏது வெட்டு? வெட்டு இல்லேன்னா சம்பளம் இல்ல.”

“அன்னிக்கு வீட்டுல என்ன சமைப்பீங்க?”

பாட்டி சிரித்தார். மரவள்ளிக்கிழங்கில் தொடங்கியவர் இருபது நிமிடம் நிறுத்தவில்லை. நடத்துபவரும் கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அவர் பெருந்தன்மையையும் சொல்லியாக வேண்டும்.

பெரட்டு எத்தனை மணிக்கு என்று அண்ணனுக்குத் தெரியாதா? அவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவர் அம்மாவும் அதே இருட்டில் போய் நின்றவர்தான். தெரிந்ததைத் தெரியாதவர் போலக் கேட்டார், அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதால். தனக்குத் தெரிந்ததையெல்லாம் மடியில் கட்டி வைத்துக்கொண்டு, கேட்கிறவர் சார்பில் ஒருவர் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம்! நடத்துகிறவருக்கு அடுத்து என்ன கேட்பது என்ற யோசனை. விருந்தினருக்குத் தயக்கம். அந்த அறையில் முழுதாகக் காது கொடுத்துக் கேட்கிறவர் பல நாள் அவர் ஒருவர்தான்.

பதிவு முடிந்து வெளியே வந்ததும் பாட்டி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏன்யா, ஒன் பேரென்ன?” என்று கேட்டார். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் நாங்கள் யாரும் அவர் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான். எழுதவில்லை.

இந்த அரங்கில் வானொலிக்காரர்கள் இருக்கிறீர்கள், போட்காஸ்ட் நடத்தும் தம்பி தங்கைகள் இருக்கிறீர்கள். அடுத்த நிகழ்ச்சிக்குப் போஸ்டர் அடிக்கும்போது, கீழே பொடி எழுத்தில் ‘உடன்’ என்று போடுகிறீர்களே, அந்தப் பெயரை மேலே ஏற்றி, பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, வாய்விட்டும் சொல்லுங்கள்.

வணக்கம்.