திராட்சைக்கும் உண்டு காய்ச்சலும் பாய்ச்சலும்

நேயர்களுக்கு வணக்கம். நெல் வயலோடு பழகியவர்களுக்கு ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ தெரிந்திருக்கும். தண்ணீர் கட்டுவோம், வற்ற விடுவோம், மண்ணில் மயிரிழை மாதிரி வெடிப்பு கண்டதும் மறுபடி கட்டுவோம். கம்பத்தில் எங்கள் வீட்டில் நெல்லும் உண்டு, பன்னீர் திராட்சையும் உண்டு. நெல்லைக் காயப்போடுகிற என் சித்தப்பா திராட்சைப் பந்தலை மட்டும் காயவிட மாட்டார். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் மோட்டார் ஓடும். “பிள்ளையைப் பட்டினி போடலாமாடா?” என்பார். சாப்பிடுகிற திராட்சைக்கு அது சரிதான். பழம் பருத்தால்தானே விலை!

பெங்களூருக்கு வந்து, தொட்டபள்ளாபுரம், நந்தி மலை அடிவாரத்து ஒயின் திராட்சைத் தோட்டங்களில் சொட்டுநீர் வேலை பார்த்த பிறகுதான், அந்தப் பிள்ளையை அளவோடு பட்டினி போடவும் வேண்டும் என்று கற்றேன். உங்களை ஒயின் குடிக்கச் சொல்ல வரவில்லை, பயப்படாதீர்கள். பேச்சு தண்ணீரைப் பற்றித்தான்.

சிவப்பு ஒயினுக்கு நிறம் பழத்தின் தோலிலிருந்து வருகிறது. துவர்ப்பிலும் தோலுக்குப் பங்கு உண்டு. பழம் சிறுத்தால் சாறு குறையும், தோலின் விகிதம் கூடும். பழம் சிறுக்கக் கொடிக்குக் கொஞ்சம் தாகம் வேண்டும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? இந்தக் கேள்வியோடுதான் நான் பல வருஷமாக மல்லுக்கட்டுகிறேன்.

மேல்மண்ணைக் கிள்ளிப் பார்த்தால் பொடியாக இருக்கும், கீழே வேர் ஈரத்தில் இருக்கும். திங்களும் வியாழனும் தண்ணீர் என்று நாட்காட்டி வைத்தால், கொடிக்கு நாட்காட்டி தெரியாது. கொடியைத்தான் கேட்க வேண்டும்.

மாடித்தோட்டம் வைத்திருக்கிறவர்கள் பூசணி இலையைக் கவனித்திருப்பீர்கள். உச்சி வெயிலில் துவண்டு தொங்கும், அந்தி சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். பதறி வாளியைத் தூக்க வேண்டாம். அதே இலை விடியலிலும் துவண்டிருந்தால், அப்போது தூக்குங்கள். இரவு முழுக்க, நீராவி வெளியேறுகிற இலையின் துளைகள் மூடிக் கிடக்கும். விடிவதற்குள் செடி, வேர் இருக்கிற மண்ணோடு சமநிலைக்கு வந்துவிடும். அதனால் விடியலில் இலை சொல்வது மண்ணின் கதை, நடுப்பகலில் சொல்வது மண்ணும் வெயிலும் சேர்ந்த கதை.

இந்தக் கதையை எண்ணாக்கித் தர ஒரு கருவி இருக்கிறது. இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறோம் அல்லவா, இலையும் அப்படித்தான் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. மண் காயக் காய உறிஞ்சல் கடுமையாகும். இலையைக் காம்போடு அறுத்து, காம்பு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி இரும்புக் குடுவைக்குள் பூட்டி, நைட்ரஜன் வாயுவை மெல்ல ஏற்றுவோம். காம்பின் வெட்டுவாயில் நீர் துளிர்க்கும். அந்த நொடியில் காட்டுகிற அழுத்தம்தான் இலை எவ்வளவு வலுவாக உறிஞ்சிக்கொண்டிருந்தது என்பதன் அளவு.

டப்ளினில் ஹென்றி டிக்சன் என்ற விஞ்ஞானி 1914-க்கு முன்பே கண்ணாடிக் குடுவையில் இதை முயன்றார். குடுவை இரண்டு தடவை வெடித்தது. மனிதர் விட்டுவிட்டார். 1965-இல் அமெரிக்காவில் ஷோலாண்டர் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் உலோகக் குடுவையில் சாதித்தார்கள். வானளாவிய மரத்தில் இப்படி அளக்க அதன் உச்சிக் கிளைக்கு எப்படிப் போவது? துப்பாக்கியால் சுட்டு விழவைத்தார்கள்! எனக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானச் செய்தி இதுதான், எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை.

நான் துப்பாக்கி தூக்கவில்லை, திருடன் ஆனேன். விடியல் அளவுக்காக நான்கு மணி இருட்டில் டார்ச்சோடு வரிசைக்குள் குனிந்திருந்தேன். காவலாளி தடியோடு வந்துவிட்டார், பின்னாலேயே நாய். சிலிண்டர், குடுவை, கையில் ஒரு இலை. எப்படி விளக்குவது? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏன் சார், எலெகெ பீ.பி. நோடுத்தா இதீரா?” என்றார். இலைக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறீர்களா என்று கன்னடத்தில் கேட்கிறார்! இதைவிட நல்ல விளக்கம் நான் எங்கும் படித்ததில்லை. அன்றிலிருந்து டார்ச் பிடிப்பவர் அவர்தான். கண்ணாடி போட்ட எனக்கு முன்னால் அவருக்குத் துளி தெரிந்துவிடும். ஒரே சீசனில், கருவியை எடுக்கும் முன்பே “இன்னிக்கு எண் கூடும் சார்” என்று சொல்ல ஆரம்பித்தார். கொடி பிடித்து ஏறுகிற சுருள் இழைகளை, அதாவது பற்றுக்கம்பிகளைப் பார்த்துத்தான் சொல்கிறார். நன்றாக வளரும் கொடியில் அவை நுனித்தளிரைத் தாண்டி நீண்டிருக்கும். தாகம் எடுத்தால் தளிர் நின்றுபோகும், பற்றுக்கம்பி தொங்கும்.

எண்ணுக்கு வருகிறேன். அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் சொல்வோம். உங்கள் கார் டயரில் இரண்டு பார் சொச்சம் காற்று இருக்கும். தாகமில்லாத கொடி விடியலில் கிட்டத்தட்ட அவ்வளவு, அல்லது அதற்கும் கீழே. நடுப்பகலில் அதே கொடியின் வெயில் பட்ட இலை 10 பாருக்குள் இருந்தால் கவலை இல்லை. 10-ஐத் தாண்டினால் லேசான வாட்டம் தொடங்குகிறது. 16-ஐத் தொட்டால் கடும் வாட்டம், இலை வேலையை நிறுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லா ரகத்துக்கும் ஒரே எண் பொருந்தாது. கிரெனாஷ் ரகம் மாதக் கடைசியை நினைத்து முன்கூட்டியே செலவைச் சுருக்குகிற ஆள், துளைகளைச் சீக்கிரம் மூடிவிடும். ஷிராஸ் கையிருப்பு தீரும்வரை தாராளமாகச் செலவழிக்கும். என் அனுதாபம் எப்போதும் ஷிராஸ் பக்கம்.

நேரம் ஓடுகிறது, முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: எப்போது காயவிடுவது? இங்கே புரட்டாசி, ஐப்பசியில் கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, மாசி, பங்குனியில் அறுவடை. தளிர் விடும்போதும் பூக்கும்போதும் தாகம் கூடாது, பிஞ்சு பிடிக்காது. பிஞ்சு பிடித்ததிலிருந்து பழம் நிறம் மாறத் தொடங்கும்வரைதான் பட்டினி. அப்போதே பழத்தின் பருமன் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நிறம் மாறிய பிறகு கடுமையாக வாட்டினால் இலை உதிரும், சர்க்கரை ஏறாது. சரி, கார்த்திகையில் வங்கக்கடல் புயல் சின்னம் வந்து கொட்டினால்? சொட்டுநீர்க் குழாயை மூடலாம், வானத்தை மூட முடியாது. அந்த வருஷம் பழம் பருத்துத்தான் போகும், சித்தப்பா சந்தோஷப்படுவார்.

தண்டில் கட்டுகிற உணர்கருவி, ட்ரோனிலிருந்து இலைச் சூடு பார்ப்பது என்று அரைப்பக்கம் எழுதி வந்தேன். துளை மூடிய இலை சூடாகும், அதை மேலிருந்து படம் பிடிப்பார்கள். இவ்வளவுதான் இப்போது சொல்ல முடியும், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: வெள்ளை ஒயின் திராட்சையை இவ்வளவு வாட்டக்கூடாது. காரணம் இன்னொரு நாள். வணக்கம்.