வீடு மாத்துறீங்களா? பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி பீரோவ அளந்துடுங்க!

(திரையில்: லிஃப்ட் வாசல்ல ஒரு ஸ்டீல் பீரோ. அதோட தலைக்கு மேல சிவப்புக் கோடு.)

198 சென்டிமீட்டர். நம்ம வீடுகள்ல நிக்கிற ஆறரை அடி ஸ்டீல் பீரோவோட உயரம். 200 சென்டிமீட்டர். வழக்கமான அபார்ட்மென்ட் லிஃப்ட் கதவோட உயரம். நடுவுல இருக்கிற இடைவெளி வெறும் ரெண்டே சென்டிமீட்டர்! உங்க சாமான் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள போகுமா, ராத்திரி ஒன்பது மணிக்கும் படிக்கட்டுல நிக்குமாங்கிறத இந்த ரெண்டு சென்டிமீட்டர் முடிவு பண்ணிடும்.

வணக்கம் மக்களே! வீடு மாத்துற நாள எப்படித் திட்டம் போடுறதுன்னு இன்னைக்குப் பார்க்கப் போறோம். எல்லாரும் அட்டைப்பெட்டி, டேப், பபிள் ராப்னு ஆரம்பிப்பாங்க. நம்ம ஆரம்பிக்கப் போறது இஞ்ச் டேப்புல இருந்து. பீரோவுக்குத் தனியா நேரம் ஒதுக்கி வச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்த வேகமா முடிச்சிடுவோம்.

முதல்ல தேதி. ஆடியிலயும் மார்கழியிலயும் குடி போக மாட்டோம்னு நிறைய குடும்பங்கள் இருக்கு. அதனால ஆவணி பிறந்ததும், தை பிறந்ததும் வண்டிக்கும் லோடுமேனுக்கும் அடிதடி. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் கிராக்கி. எல்லாருக்கும் லீவு, ராகு காலமும் சாயங்காலம் நாலரைக்குத்தான் வருது, காலை முழுக்க ஃப்ரீ. இதுக்கு ஒரு வழி சொல்றேன். நல்ல நாள் தேவைப்படுறது பால் காய்ச்சுறதுக்குத்தான், லாரிக்கு இல்ல. நல்ல நேரத்துல சாமி படம், விளக்கு, குடத்துல தண்ணி, அரிசி, உப்பு, மஞ்சள் எடுத்துட்டுப் போய்ப் பால் காய்ச்சிட்டு வந்துடுங்க. சாமான வார நாள்ல ஏத்துங்க. வண்டி சுலபமா கிடைக்கும், வாடகைல பேரம் பேசவும் இடம் இருக்கும்.

பால் காய்ச்சப் போற அன்னைக்கு இன்னொரு வேலையும் முடியும். புது வீட்டுல எல்லாக் குழாயையும் திறந்து பாருங்க, எல்லா சுவிட்சையும் போட்டுப் பாருங்க, 15 ஆம்ப் பாயின்ட் எங்க இருக்குன்னு குறிச்சுக்குங்க. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி எங்க வரும்னு சுவத்துல சாக்பீஸால எழுதிட்டே வந்துடுங்க.

அடுத்தது வண்டி. குட்டி யானைன்னு நாம சொல்ற டாடா ஏஸ்ல சாமான் வைக்கிற இடம் சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் கம்மியா அகலம். தாங்குற எடை முக்கால் டன் அளவு. சிங்கிள் பெட்ரூம் வீடு, அதுவும் புதுசா கல்யாணம் ஆனவங்கன்னா ஒரு நடையில அடங்கும். குழந்தைகள் இருக்கிற டபுள் பெட்ரூம் வீடுன்னா ரெண்டு நடைக்குக் குறையாது. ரெண்டாவது நடைன்னா டிராஃபிக்கும் ரெண்டு தடவை. ஒரு டாடா 407 லாரியோ 14 அடி லாரியோ பேசினா ஒரே நடை. ஆனா புது வீடு இருக்கிற தெருவுக்குள்ள அந்த லாரி நுழையுமான்னு போய்ப் பாருங்க. தெருமுனையில நின்னுடுச்சுன்னா அங்கிருந்து ஒவ்வொண்ணையும் சுமந்துட்டு வரணும், அதுக்குத் தனிக்கூலி.

வாடகை பேசும்போது ஏத்துகூலி, இறக்குகூலி, எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா, கட்டில கழட்டி மாட்டுறது யாரு, கயிறும் தார்ப்பாயும் வருமா, வெயிட்டிங் சார்ஜ் எவ்வளவு, இது எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பி "ஓகே" வாங்கிடுங்க. சாமான் பாதி இறங்கினதுக்கு அப்புறம் வர்ற தகராறுல முக்காவாசி மாடிக்கூலிய வச்சுத்தான்.

(திரையில்: பீரோவோட படம், மூணு பக்கமும் அளவுகள்.)

இப்போ பீரோ! சாதாரண ரெண்டு கதவு பீரோ சுமார் 198 சென்டிமீட்டர் உயரம், 92 அகலம், 49 ஆழம். லிஃப்டுக்கு வருவோம். உள்ள "6 பேர், 408 கிலோ"ன்னு ஒரு தகடு இருக்கும், கவனிச்சிருப்பீங்க. ஆளுக்கு 68 கிலோன்னு வச்ச கணக்கு அது. இந்தியத் தர விதிப்படி அந்த லிஃப்டோட உள்ளளவு 110 சென்டிமீட்டர் அகலம், 100 ஆழம், கதவு 70 அகலம்.

இந்த எண்கள ஒண்ணா வச்சுப் பாருங்க. 92 அகலம் 70 கதவுல நேரா நுழையாது. அதனால பக்கவாட்டுல, 49 சென்டிமீட்டர் பக்கம் முன்னால வர்ற மாதிரி, நிமித்தி நகர்த்தணும். உள்ள போனதும் 100 ஆழத்துல 92 உட்காரும், எட்டு சென்டிமீட்டர் மிச்சம். உயரத்துல ரெண்டு சென்டிமீட்டர் மிச்சம். ஆக, போகும்! ஆனா துளிகூடச் சாய்க்காம போகணும். சாய்ச்சா ஏன் போகாது? உயரமும் ஆழமும் சேர்ந்த மூலைவிட்டம் 204 சென்டிமீட்டர். பீரோவச் சாய்க்கிற அந்த நிமிஷம் அது வளர்ந்துடுது! கொஞ்சம் சாய்ச்சு உள்ள விடலாம்னு நினைக்கிறவங்க லிஃப்ட் கதவோட மேல் சட்டத்துல கோடு போட்டுட்டு, அசோசியேஷனுக்குப் பணம் கட்டுறது இதனாலதான்.

இப்போ அதே பீரோவுக்கு அடியில ஆறு இஞ்ச் ஸ்டாண்ட் இருக்குன்னு வைங்க. உயரம் 213 ஆயிடுச்சு. லிஃப்ட் கதவுக்குள்ள போகாது. அதோட முடியல. பெட்ரூம்ல நிறைய வீடுகள்ல ஏழு அடி உயரத்துல லாஃப்ட் இருக்கும், அதாவது 213 சென்டிமீட்டர். ஸ்டாண்டோட படுக்க வச்சு உள்ள கொண்டு போய் லாஃப்டுக்குக் கீழ நிமித்தப் பார்த்தா மூலைவிட்டம் 219. லாஃப்ட் இடிக்கும், நிமிராது. அதனால பழைய வீட்டுலயே ஸ்டாண்ட எடுத்துடுங்க. புது ரூமோட நடுவுல, லாஃப்ட் இல்லாத இடத்துல பீரோவ நிமித்தி, அப்புறம் சுவத்துப் பக்கம் தள்ளுங்க. இந்த ஒரு கணக்குக்காகவே இந்த வீடியோ பண்ணணும்னு எனக்கு ஆசை. உங்க வீட்டு பீரோ அளவையும் லிஃப்ட் அளவையும் கமெண்ட்ல போடுங்க, போகுமா போகாதான்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்.

லிஃப்ட் இல்லையா? படிக்கட்டோட அகலத்த மட்டும் அளந்தா பத்தாது. படி திரும்புற இடத்துல தலைக்கு மேல எவ்வளவு உயரம் இருக்குன்னும் பாருங்க. லோடுமேன் பீரோவ அந்தத் திருப்பத்துல நிமித்தி, சுத்தி, மறுபடி சாய்ச்சுத்தான் அடுத்த படிக்குப் போவார். மேல் படிக்கட்டோட அடிப்பக்கம் 204-க்குக் கீழ இறங்கி இருந்தா அந்த இடத்துல நிமித்த முடியாது. வெளிப்பக்கம் சுருள் படி மட்டும்தான்னா பால்கனி வழியா கயிறு கட்டித்தான் ஏத்தணும். அத முன்கூட்டியே சொன்னா கூட ரெண்டு ஆளோட, கனமான கயிறோட வருவாங்க.

பீரோவ முழுசா காலி பண்ணுங்க. "துணிதானே, இருக்கட்டும்"னு விடாதீங்க. உள்ள எடை இருந்தா தூக்கும்போது உடம்பு முறுக்கிக்கும், கதவு இறங்கிடும். லாக்கர்ல இருக்கிற நகையும் பத்திரமும் அன்னைக்கு உங்க கைப்பையில வரணும், லாரியில இல்ல. கதவப் பூட்டி, சாவிய கண்டிப்பா எடுத்துடுங்க. பூட்டுலயே தொங்கவிட்டா கயித்துல மாட்டி வளையும், சில நேரம் உள்ளயே உடையும். கண்ணாடி வச்ச கதவுன்னா மேல ஒரு கம்பளி சுத்தி, வண்டிக்குள்ள பார்த்த மாதிரி நிறுத்துங்க.

புது வீட்டுல வச்சதும் கதவு உரசுதா, பூட்டு விழலையா? உடனே பூட்டுக்காரரக் கூப்பிடாதீங்க. முக்காவாசி தரை மட்டம்தான் காரணம். ஒரு பக்க முன்காலுக்கு அடியில அட்டைய மடிச்சு வச்சுப் பாருங்க, சரி வரலைன்னா அந்தப் பக்கத்துல எடுத்து இன்னொரு பக்கம் வைங்க. கதவு ரெண்டும் ஒரே கோட்டுக்கு வந்ததும் பூட்டு தானா விழும்.

கட்டில், சோஃபாவுக்கும் இதே அளவுக் கணக்குதான். கட்டில் போல்ட்ட ஒரு கவர்ல போட்டுத் தலைமாட்டுப் பலகையிலயே டேப் அடிச்சு ஒட்டிடுங்க.

(திரையில்: ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பேட்டரி, கிரைண்டர், ஏசி.)

அடுத்து, உள்ள தண்ணி, எண்ணெய், ஆசிட், கேஸ் இருக்கிற சாமான்கள். உடையிறதவிட ஒழுகுறதுலதான் இங்க நஷ்டம்.

ஃப்ரிட்ஜ முந்தின நாள் ராத்திரியே ஆஃப் பண்ணிக் காய விடுங்க. அந்த வாரம் மாவு அரைக்காதீங்க, இருக்கிறத முடிங்க. ஃப்ரிட்ஜோட பின்பக்கம் கம்ப்ரசர் மேல ஒரு சின்னத் தட்டு இருக்கும், கரைஞ்ச தண்ணி அதுலதான் நிக்கும். கழட்ட முடிஞ்சா கழட்டிக் கொட்டுங்க, இல்லைன்னா துணியால ஒத்தி எடுங்க, அப்பதான் சாய்க்கும்போது கீழ கொட்டாது. வண்டியில நிமித்தியே வைங்க. படுக்க வச்சா கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள்ள ஓடிடும், அப்படியே ஆன் பண்ணா கம்ப்ரசருக்கு ஆபத்து. நிமித்தி வந்திருந்தா ரெண்டு மணி நேரம், படுத்து வந்திருந்தா ராத்திரி முழுக்க நிக்க விட்டுத்தான் ஆன் பண்ணணும்.

ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின் வாங்கும்போது பின்பக்கத்துல இருந்து நீளமான போல்ட்டுகள மெக்கானிக் கழட்டிக் கொடுத்திருப்பார். டிரம்ம அசையாம பிடிக்கிறது அதுதான். தேடி எடுத்து மாட்டுங்க. இல்லைன்னா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் டிரம் குதிச்சு சஸ்பென்ஷன் போயிடும். போய் இறங்கினதும் அத மறக்காம கழட்டிட்டு மெஷின ஓட்டுங்க. முன்னாடி கீழ இருக்கிற ஃபில்டர் மூடியத் திறந்து தேங்கின தண்ணிய வடிச்சிடுங்க.

இன்வெர்ட்டர் பேட்டரிதான் எனக்கு ரொம்பக் கவலை. டியூப்ளர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல இருக்கும், உள்ள ஆசிட். மெயின ஆஃப் பண்ணி, இன்வெர்ட்டர ஆஃப் பண்ணி, நெகட்டிவ் வயர முதல்ல கழட்டுங்க. ரெண்டு முனையிலயும் டேப் சுத்துங்க. "கிளம்புறதுக்கு முன்னாடி டிஸ்டில்டு வாட்டர் ஊத்திடலாம்"னு தோணும், வேண்டாம்! நிறைஞ்சிருந்தா வண்டி குலுங்கும்போது மூடி வழியா ஆசிட் கசியும். புது வீட்டுல வச்சதுக்கு அப்புறம் ஊத்துங்க. துணி மூட்டைக்குப் பக்கத்துல மட்டும் வைக்கவே வைக்காதீங்க.

கிரைண்டர்ல குழவிக்கல்லக் கழட்டித் துண்டுல சுத்தித் தனியா எடுத்துட்டு வாங்க. உள்ளயே விட்டா கல்லோட கல் இடிச்சு ஓரம் பேரும். அம்மி, ஆட்டுக்கல் இருந்தா அதுதான் வண்டியில முதல்ல ஏறணும்.

ஏசிய வீடு மாத்துற அன்னைக்குக் கழட்டாதீங்க, முந்தின நாளே கழட்டிடுங்க. கழட்டும்போது பக்கத்துல நின்னு ஒண்ணு மட்டும் பாருங்க. மெக்கானிக் அவுட்டோர்ல மெல்லிசுக் குழாய் வால்வ முதல்ல மூடணும், ஏசிய ஓட விடணும், கேஸ் எல்லாம் அவுட்டோருக்குள்ள சேர்ந்ததும் தடிச்ச குழாய் வால்வ மூடி உடனே ஆஃப் பண்ணணும். இதுக்குப் பேர் பம்ப் டவுன். இத செய்யாம நேரா நட்டக் கழட்டினா "புஸ்"னு கேஸ் வெளிய போயிடும், புது வீட்டுல கேஸ் ஃபில்லிங் செலவு உங்க தலையில. மாட்டும்போது வேக்யூம் பம்ப் போடச் சொல்லுங்க, குழாய்க்குள்ள ஈரக்காத்து தங்கக் கூடாது.

சமையல் கேஸ் சிலிண்டர்ல ரெகுலேட்டரக் கழட்டி, நூல் கட்டின வெள்ளை மூடிய போட்டு, நிமித்தியே கொண்டு போங்க. மூடின லாரியில வேண்டாம். ஒரே ஊருக்குள்ள ஏஜென்சி மாறினா கனெக்‌ஷன மாத்தினா போதும். வேற ஊருன்னா சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சு டெபாசிட்டத் திரும்ப வாங்கி, அந்தச் சீட்டக் காட்டி அங்க எடுத்துக்கலாம்.

பெட்டி கட்டுறதுக்கு ஒரே விதி, கனமானது சின்னப் பெட்டியில. ஒரு கன அடிப் பெட்டி நிறைய புத்தகம் வச்சாலே 15 கிலோவுக்கு மேல போயிடும். ஒன்றரை அடிப் பெட்டின்னா கொள்ளளவு மூணு மடங்குக்கும் மேல, அதோட அடிப்பக்கம் படியிலயே பிரிஞ்சிடும்.

(திரையில்: லாரி, பின்பக்கத்துல இருந்து.)

ஏத்துற வரிசை இறக்குறதுக்குத் தலைகீழ். கேபின ஒட்டிக் கல்லு, பேட்டரி, பீரோ, வாஷிங் மெஷின். ஃப்ரிட்ஜ நிமித்திப் பக்கச் சட்டத்தோட கட்டுங்க. மெத்தைய டிவிக்கும் பீரோவுக்கும் நடுவுல செருகுங்க. டிவி நிக்கணும், படுக்கவே கூடாது. கடைசியா ஏற வேண்டியது விளக்கமாறு, வாளி, கட்டில், ஃபேன், அடுப்பு, ஒரு செட் பாத்திரம். ஏன்னா அங்க முதல்ல இறங்க வேண்டியது அதுதான். தரையக் கூட்டி, கட்டில மாட்டிட்டா, மிச்சப் பெட்டி நாளைக்குப் பிரிக்கலாம். ஐப்பசி கார்த்திகைன்னா தார்ப்பாய் இல்லாத வண்டி வேண்டவே வேண்டாம். அசோசியேஷன்ல சாமான் ஏத்த நேரம் வச்சிருப்பாங்க, லிஃப்டுக்குத் தடுப்புத் துணி போடுவாங்க, ரெண்டையும் முந்தின நாளே செக்ரட்டரிகிட்ட கேட்டு வைங்க.

கடைசியா, ரெண்டு வீட்டு ஈபி மீட்டரையும் அன்னைக்கே போட்டோ எடுங்க. தமிழ்நாட்டுல ரெண்டு மாசக் கணக்கு. முதல் கொஞ்ச யூனிட் இலவசம், அதுக்கு மேல யூனிட் ஏற ஏற விலை ஏறும், 500-ஐத் தாண்டினா மொத்தக் கணக்குமே மாறும். நடு மாசத்துல குடி போனா, முன்னாடி இருந்தவங்க ஓட்டின 400 யூனிட்டுக்கு மேல உங்க யூனிட் ஏறி நிக்கும். அதனால புது ஓனர்கிட்ட ரீடிங்க வாட்ஸ்அப்ல அனுப்பி, பில் வந்ததும் எப்படிப் பிரிக்கிறதுன்னு அன்னைக்கே பேசிடுங்க. பழைய வீட்டுல வெறும் ரூம், பாத்ரூம் குழாய், சுவர் ஆணி அடிச்ச இடம், எல்லாத்தையும் ஒரு வீடியோ எடுத்துட்டு, அட்வான்ஸ் கைக்கு வந்ததும் சாவியக் கொடுங்க.