தனி வக்கீலின் வியாழக்கிழமை

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சின்ன ஊர் கோர்ட்டில் 22 வருடமாகத் தனியாக வக்கீல் தொழில் செய்கிறேன். சீனியர் ஆபீசில் நான்கு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவள். ஒரே அறை, ஒரே மேஜை. குமாஸ்தா எங்கள் வராந்தாவில் மூன்று பேருக்குப் பொது. என்னைப் போலத் தனியாக உட்கார்ந்திருக்கிறவர்கள், முக்கியமாக அண்மையில் கவுன் போட்ட தம்பி தங்கைகள், மனம் தளரும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று பேசச் சொல்லி அழைத்தார்கள்.

காலையில் முன்சீப் கோர்ட்டில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்போம். அதே நேரத்தில் மாடியில் சப் கோர்ட்டில் நம்முடைய இன்னொரு வழக்கைக் கூப்பிடுவார்கள். அனுப்ப ஜூனியர் கிடையாது. விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதியில் இடமில்லை. வருமானம் போதவில்லை என்று வேறொரு முழுநேர வேலைக்கும் போக முடியாது. மே மாதம் கோடை விடுமுறை விட்டால் வரவு நின்றுவிடும், அறை வாடகை நிற்காது.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். என்னை அதிகம் வாட்டியது கெடு பற்றிய பயம். காசோலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். காசு இல்லாமல் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள். அதுவும் முடிந்தால் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல். பெரிய ஆபீஸ் என்றால் இந்தத் தேதிகளை நாலு பேர் பார்ப்பார்கள். என்னிடம் என் டைரி மட்டும்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டு டைரியைப் புரட்டிய நாட்கள் உண்டு.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2013-ல் ஒரு அம்மா வந்தார். பூர்வீக நிலம். அவருடைய அப்பா 2003-ல் காலமாகிவிட்டார், தாயார் அதற்கும் முன்பே. அண்ணன் தம்பி இருவர் நிலத்தை அனுபவித்து வந்தார்கள். இவருக்குக் கல்யாணம் ஆனது 1984-ல். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அதில் இடமில்லை. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அதை நம்பி, மூன்றில் ஒரு பங்கு கேட்டுப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2015-ல், பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு அந்த உரிமை என்றார்கள். எங்கள் வழக்கில் அவர் இரண்டு வருடம் முன்பே போய்விட்டார். மறுவருடம் எங்களுக்குக் கிடைத்தது ஒன்பதில் ஒரு பங்கு. அதுவும் அப்பாவின் பாகத்திலிருந்து வாரிசாக வருவது.

அன்று அந்த அம்மா என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு வக்கீலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தொழிலை விட்டுவிடலாம் என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன்.

சாயங்காலம் எதிர் அறையில் இருக்கும் வக்கீல் அண்ணன் உள்ளே வந்தார். அவரும் தனி ஆள்தான். கேட்காமலே வழக்குக் கட்டை எடுத்துப் பிரித்துப் படித்தார். "அப்பீல் போடும்மா. பெண்டிங்ல இருக்கட்டும். இந்த விஷயம் இன்னும் முடிஞ்ச மாதிரி எனக்குத் தெரியல" என்றார். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். இரண்டு சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து மேல்முறையீட்டுக் காரணங்களை வரிவரியாகப் பார்த்துக் கொடுத்தார்.

2018-ல் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, 2001-லேயே தகப்பனார் இறந்துபோன ஒரு வழக்கில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. அப்புறம் கொரோனா. கோர்ட்டுகள் முடங்கிக் கிடந்தன. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்துச் சொல்லிவிட்டது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. செல்போனில் அதைப் படித்துவிட்டு நான் முதலில் கூப்பிட்டது அண்ணனைத்தான். அப்பீல் எங்களுக்குச் சாதகமாக முடிந்து, அந்த அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. நான் 2016-லேயே கட்டை மூடிவைத்து, நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணையும் ஆகியிருந்தால், 2020 தீர்ப்பு அவருக்கு வெறும் பேப்பர் செய்தி.

அந்த அப்பீலைப் போடும் தெம்பு என்னிடம் இல்லை. பக்கத்து மனிதர் கொடுத்தார். அதனால்தான் மனஉறுதியை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. யாரிடமாவது கட்டைக் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

இப்போது வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்கள் நாலு பேர் டீக்கடை பெஞ்சில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு சிக்கல். கட்சிக்காரர் பெயரைச் சொல்லுவதில்லை. நாலு பேரில் ஒருவர் எதிர்த்தரப்பில் இருக்கிற வழக்கைப் பற்றி வாயே திறப்பதில்லை. இந்த இரண்டிலும் கறாராக இருங்கள், இல்லாவிட்டால் இந்தப் பழக்கமே வேண்டாம்.

வட்ட சட்டப் பணிகள் குழுவின் வக்கீல் பட்டியலிலும் பெயர் கொடுத்து வையுங்கள். பணம் குறைவுதான். ஆனால் மக்கள் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு சமரசமாக முடிந்து, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைத்து, இரண்டு தரப்பும் ஒரே நாளில் வீட்டுக்குப் போவதைப் பார்த்தால், பத்து வருட சிவில் வழக்குகளுக்கு நடுவே அது பெரிய ஆறுதல்.

போன வியாழக்கிழமை ஒரு பெண் எங்களோடு வந்து உட்கார்ந்தாள். தனியாக அறை எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. கையில் அவளுடைய முதல் காசோலை வழக்கு. டீயைத் தொடவில்லை. வங்கி மெமோ தேதி, நோட்டீஸ் போன தேதி, கிடைத்த தேதி என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். நாலு பேரும் விரல்விட்டு எண்ணினோம். இன்னும் பதினோரு நாள் இருந்தது. அவளும் அப்படித்தான் டைரியில் குறித்து வைத்திருந்தாள். "சரியா இருக்கும்மா" என்றார் அண்ணன். ஃபைலைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

நன்றி, வணக்கம்.